கத்தரிக்காயைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்ட டீச்சர் நான்தான்

 

இது நீளமான பதிவு. சித்திரப் பாடத்தைப் பற்றியது. "அதெல்லாம் ஒரு பாடமா டீச்சர்?" என்று கேட்கிறவர்கள் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும். பாதி ஏச்சு உங்களுக்கு. மீதிப் பாதி எனக்கு.

போன மாதம் ஒரு பாடசாலையில் சித்திரக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எந்தப் பாடசாலை என்று கேட்காதீர்கள். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க நிலைப்பொருள் ஓவியங்கள். அதாவது மேசையில் சட்டி பானை, பழம், மரக்கறி எல்லாம் அடுக்கி வைத்து, பார்த்து வரைகிற படங்கள். நாற்பது படமாவது இருக்கும். நாற்பதிலும் நடுவில் ஒரு பானை. இடது பக்கம் ஒரு கத்தரிக்காய். வலது பக்கம் இரண்டு வாழைப்பழம். பின்னால் மூன்று மடிப்போடு ஒரு துணி. நிழல் எல்லாம் வலது பக்கத்தில், சாம்பல் நிறத்தில், முட்டை வடிவத்தில். ஒவ்வொரு பொருளையும் சுற்றி, வேலி அடைத்த மாதிரி, ஒரு கறுப்புக் கோடு.

பக்கத்தில் நின்ற மகனிடம் கேட்டேன். "இந்தப் பானை யார் கொண்டுவந்தது மகன்?"

"பானை இருக்கல்ல டீச்சர். டியூசன் சேர் போர்டில கீறிக் காட்டினாரு. அதப் பாத்துக் கீறினோம்."

யோசித்துப் பாருங்கள். பொருளைப் பார்த்து வரையும் பாடம். பொருளே இல்லை. ஒரு பிள்ளையும் ஒரு கத்தரிக்காயைக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பஞ்சமா? பெற்றோர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். அதிபர் சந்தோஷப்பட்டார். பரிசு, எந்தப் படத்தில் கோடு மிக நேராக இருந்ததோ அதற்குப் போனது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு முகம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் தமிழ்ப் பாட ஆசிரியை. ஆனால் தமிழ்மொழிப் பாடசாலைகளில் சித்திர ஆசிரியர் இல்லாத காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். "டீச்சர், உங்களுக்கு எழுத்து அழகுதானே, சித்திரத்தையும் பாருங்களேன்" என்று நேரசூசியில் போட்டுவிடுவார்கள். அப்படிப் பல வருடம் சித்திர வகுப்பு எடுத்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சுத்தம். கோட்டுக்கு வெளியே நிறம் போகக்கூடாது. வெள்ளையாக இடம் விடக்கூடாது. படம் "முடிந்த" மாதிரி இருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். ஒரு நாள் கத்தரிக்காய் வரையச் சொன்னேன். அவள் பென்சிலே எடுக்கவில்லை. பிரஷ்ஷை ஊதாவில் தோய்த்து ஒரே இழுப்பு. நடுவில் கொஞ்சம் வெள்ளைக் கடதாசியை அப்படியே விட்டிருந்தாள். கீழே ஊதா இளகி நிழலுக்குள் போய்விட்டது. காய் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன இது, அரைகுறையா?" என்று கேட்டு, அவள் கையில் இருந்த கொப்பியை வாங்கி, கறுப்புப் பேனையால் அந்தக் காயைச் சுற்றி நானே ஒரு கோடு போட்டேன். வெள்ளையாக இருந்த இடத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். வகுப்புக்குத் தூக்கிக் காட்டி, "இப்பதான் இது கத்தரிக்காய்" என்றேன். வகுப்பே சிரித்தது.

நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது எனக்கு வயது 46. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில், வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவரிடம் நீர்வர்ணம் படிக்கிறேன். யாழ்ப்பாணத்து மனிதர். பென்சன் எடுத்துப் பல வருடம். விளம்பரம் பிடிக்காதவர், அதனால் பெயர் போடவில்லை. முதல் நாள் மேசையில் ஒரு கத்தரிக்காய், ஒரு தேசிக்காய், ஒரு பீங்கான் கோப்பை வைத்தார். நான் ஒரு மணித்தியாலம் இருந்து வரைந்து, கோடு போட்டு, பெருமையாக நீட்டினேன்.

பார்த்தார். "பிள்ளை, நீங்கள் கத்தரிக்காயைப் பாக்கேல்லை. கத்தரிக்காய் எண்ட சொல்லை வரைஞ்சிருக்கிறியள்."

தமிழ் டீச்சருக்கு இதைவிட என்ன அடி வேண்டும்?

அன்றைக்குத் தொடங்கின பாடம் இன்னும் முடியவில்லை. கையை இளக்குவது. இளகின கை என்றால் அவசரமாகக் கிறுக்குவது என்று நானும் நினைத்திருந்தேன். அதைவிடக் கடுமையான வேலை ஒன்றை நான் இதுவரை செய்ததில்லை.

முதலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வார். பாதிக் கண் மூடினால் காம்பின் முள்ளும் கோப்பையின் பூவும் மறைந்துவிடும். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே திட்டுகள் மிஞ்சும். அந்த மூன்றையும் கையில் இருக்கிற பிரஷ்களிலேயே பெரிய பிரஷ்ஷால் போட வேண்டும். சின்னப் பிரஷ்ஷை எடுத்தால் பறித்துவிடுவார். பிரஷ்ஷின் அடியைப் பிடிக்கக்கூடாது, வால் நுனியைப் பிடிக்க வேண்டும். உட்காரக்கூடாது, நிற்க வேண்டும். அப்போது விரல் வரையாது, தோள் வரையும்.

பிறகு விளிம்பு. கத்தரிக்காயின் மேல்பக்கம் வெளிச்சத்தில் இருக்கிறது, அங்கே விளிம்பு கூர்மை. கீழ்ப்பக்கம் இருட்டு, அதன் நிழலும் இருட்டு. இரண்டு இருட்டும் சேருகிற இடத்தில் உண்மையில் கோடே இல்லை. இந்தப் பதிவை வாசித்துவிட்டுக் குசினிக்குப் போய்ப் பாருங்கள். இல்லாத கோட்டை வரைவது பொய் சொல்வது என்பார் மாஸ்டர். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை பார்த்தது அதைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பார்த்தாள். பட்டம் படித்த நான் பார்க்கவில்லை.

பிறகு நிறம். வெள்ளைப் பீங்கானில் நிழல் சாம்பலாக விழாது. பக்கத்தில் கத்தரிக்காய் இருந்தால் ஊதா கலக்கும், தேசிக்காய் இருந்தால் பச்சை கலக்கும். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமோ நிழல் அதற்கு எதிர்ப்பக்கம். கண்காட்சியில் நாற்பது படத்திலும் நிழல் வலப்பக்கம் விழுந்ததே, அந்த நாற்பது பிள்ளைகளின் வீட்டிலும் ஜன்னல் ஒரே பக்கத்திலா இருக்கிறது?

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம், வைத்த வர்ணத்தைத் தொடாமல் விடுவது. கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். மழை நாளில் நீர்வர்ணம் காயவே காயாது. காயும் முன் இரண்டாவது தடவை தேய்த்தால் சேறாகும், கடதாசி உரியும். சித்திரக் கொப்பியின் மெல்லிய தாள் என்றால் நெளிந்து குழிவிழும். எங்கள் பிள்ளைகள் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். ஏன்? எங்காவது வெள்ளை தெரிந்தால் டீச்சர் ஏசுவா என்ற பயம். அந்தப் பயத்தை ஊட்டினது நாங்கள்தான்.

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

இந்தக் "கோடு போடு, நிரப்பு, சுத்தமாக்கு" என்பது எங்கள் மரபு என்று நினைக்கிறீர்களா? இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் சவுத் கென்சிங்டனில் உருவான சித்திரக் கல்வி முறை. தொழிற்சாலைக்கும் கைத்தொழிலுக்கும் வடிவம் பிசகாமல் வரையும் கைகளைப் பழக்குவதற்காக அமைத்தது. கூம்பு, உருளை, கனசதுரம், பூச்சாடி. அளவெடு, கோடு போடு, நிழல் தீட்டு. பிரித்தானிய ஆட்சி இருந்த இடமெல்லாம் அது பரவியது. பிள்ளையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பது அந்த முறைக்கு முக்கியமில்லை.

அதற்கு எதிரான சண்டை எங்கே நடந்தது தெரியுமா? இதே கொழும்பில். நாங்கள் பஸ்ஸில் தினமும் கடந்து போகிற தெருக்களில்.

1920களில் இலங்கைக்குச் சித்திரப் பரிசோதகராக இருந்தவர் சார்ள்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர். ஐரோப்பாவில் செசான் போன்றவர்களுக்குப் பிறகு ஓவியத்தில் நடந்த மாற்றங்களை அறிந்தவர். பிள்ளைகளை அச்சு அசலாகப் பிரதி எடுக்க வைக்காதீர்கள், அவர்கள் பார்த்ததை வரைய விடுங்கள் என்ற பக்கம் நின்றவர். அவருக்குப் பின் அந்த வழியில் வந்தவர் ஜெஃப்ரி பெலிங். அவரும் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்தார், பாடசாலைச் சித்திரத்தை மாற்றினார். அவர் வரைந்த நிலைப்பொருள் ஓவியங்களில் செசானின் சாயலைப் பார்க்கலாம். பொருள் புகைப்படம் மாதிரி இருக்காது. ஆனால் கனமும் இருப்பும் இருக்கும்.

1943 ஆகஸ்ட் 29ஆம் திகதி லயனல் வென்ட்டின் வீட்டில் கூடித் தொடங்கப்பட்டதுதான் 43 குழு. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல், ஜோர்ஜ் கிளாசன், அந்த நேரம் பிக்குவாக இருந்த மஞ்சுஸ்ரீ, பெலிங் எல்லோரும் அதில் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு இறுதியிலிருந்து இயங்கிவந்த இலங்கைக் கலைச் சங்கத்தின் அச்சுப்பிசகாத பாணிக்கு எதிராக எழுந்தவர்கள் இவர்கள்.

"அதெல்லாம் சிங்களவர், பறங்கியர், பணக்காரர் விஷயம் டீச்சர்" என்று சொல்வீர்கள். பொறுங்கள். 43 குழுவின் தொடக்க உறுப்பினர்களில் எஸ். ஆர். கனகசபை என்ற தமிழரும் ஒருவர். அவர்தான் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1938இல், யாழ்ப்பாணத்தில் வின்சரின் பெயரில் ஒரு சித்திரக் கழகம் அமைத்தவர். அதில் சேர்ந்தவர்கள் யார்? பாடசாலை ஆசிரியர்கள். எங்களைப் போன்ற வாத்திமார். அதற்குப் பின் வந்த தலைமுறையில் அ. மாற்கு மாஸ்டர், விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று வைத்து எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். இங்கே கொழும்பில் 1949இல் கோரா ஏபிரகாம், பிள்ளைகளைச் சுதந்திரமாக வரைய விடும் சித்திர வகுப்பைத் தொடங்கினார்.

ஆக எண்பது வருடத்துக்கு முன்பே எங்கள் ஊரில் பேசி முடிந்த விஷயம் இது. முடிந்த சண்டையில் தோற்ற பக்கத்தைத் தேடிப்பிடித்து, அதை டியூசன் வகுப்பில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கொழும்பு 7 பக்கத்துப் பிள்ளைகள் கை இளகி வரையப் படிக்கிறார்கள். பெற்றோர் அந்தக் கிறுக்கலைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் போர்டில் கீறிய பானை. ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் மன்றமாக இருக்கிறது. 43 குழுவின் ஓவியங்கள் அந்தச் சுவர்களில் தொங்குகின்றன. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய இடம். எத்தனை பேர் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறோம்? 1993 முதல் ஜோர்ஜ் கீற் மன்றம் கலா பொல என்ற ஓவியச் சந்தையை விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் திறந்தவெளியில் நடத்துகிறது. வரைந்தவர்களே தெருவில் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் பேசுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் பிள்ளைகள் டியூசனில்.

என் சமூகத்துச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. "சித்திரம் எங்களுக்குச் சரிவராது" என்று சொல்லிப் பிள்ளையைப் பாடத்திலிருந்தே எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உயிருள்ளவற்றை வரைவது பற்றி உலமாக்களிடையே இருக்கும் விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது என் தகுதியும் இல்லை. ஆனால் படம் வரைந்தே பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டியதாக ஸஹீஹுல் புகாரியில் அறிவிப்பு இருக்கிறது. கோப்பையும் கத்தரிக்காயும் பேரீச்சம்பழமும் வரைய எந்தத் தடையும் இல்லாதபோது ஏன் அந்தக் கதவையும் நாங்களே பூட்ட வேண்டும்? நோன்பு திறக்கும் மேசையைப் பாருங்கள். கஞ்சிக் கோப்பை, பேரீச்சம்பழம், தண்ணீர் கிளாஸ், மஃரிபுக்கு முந்திய அந்த மஞ்சள் வெளிச்சம். இதைவிட நல்ல நிலைப்பொருள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்விகள். எனக்கு வந்த கேள்விகள்தான் எல்லாம்.

"அடிப்படை படிக்காமல் இளகின கை வருமா?" வராது. ஒத்துக்கொள்கிறேன். பானையின் வாய் நீள்வட்டம் பிசகினால் எவ்வளவு அழகாக வர்ணம் போட்டாலும் பானை சரிந்து நிற்கும். மாஸ்டர் இன்றைக்கும் என்னைக் கை நீட்டி, பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, கோப்பையின் உயரத்தில் எத்தனை பங்கு தேசிக்காய் என்று அளக்க வைக்கிறார். ஆனால் அளப்பதும் பார்ப்பதுதான். போர்டில் கீறியதைப் பார்த்துக் கீறுவது அடிப்படை ஆகாது. அதில் அளக்க என்ன இருக்கிறது?

"ஓ.எல். பரீட்சையில் புள்ளி போகுமே?" பரீட்சை கேட்பது பொருளைப் பார்த்து வரைவதை. அமைப்பு, அளவு, வெளிச்சம், நிழல், வர்ணம் கையாளும் விதம். கறுப்புக் கோட்டைக் கேட்டு ஒரு வினாத்தாளையும் நான் பார்த்ததில்லை. பானையும் கத்தரிக்காயும் பாடமாக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு முன்னால் ஒரு பலாச்சுளையும் அரிக்கன் லாம்பும் வைத்தால் என்ன ஆகும்? பார்க்கப் பழகின பிள்ளைக்கு எதை வைத்தாலும் ஒன்றுதான்.

"இது சோம்பேறித்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பது." செசான் ஒரு தட்டுப் பழத்தை வரைய எடுத்த காலத்தில் பழம் அழுகிப் போகுமாம். அந்தப் படங்களில் ஒரு கோடும் நேராக இல்லை, மேசையின் விளிம்புகூடச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு தீற்றலையும் யோசித்து வைத்தவர் அவர். மறுபக்கம் மனே. 1880இல் ஒரு கட்டு அஸ்பராகஸ் தண்டை இளகின கையால் வரைந்து 800 ஃபிராங்குக்கு விற்றார். வாங்கியவர் சார்ள்ஸ் எஃப்ருஸி சந்தோஷத்தில் 1000 அனுப்பிவிட்டார். மனே உடனே ஒரேயொரு தண்டைத் தனியாகச் சின்னப் படமாக வரைந்து, கட்டிலிருந்து ஒன்று விடுபட்டுப் போனதாக எழுதி அனுப்பினார். அந்த ஒற்றைத் தண்டு இன்றைக்குப் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொஞ்சத் தீற்றல்தான். அந்தக் கொஞ்சத்துக்குப் பின்னால் எத்தனை வருடப் பழக்கம் என்று நினைத்துப் பாருங்கள்.

"இதால் சோறு கிடைக்குமா?" செட்டியார் தெருவில் நகை செய்கிறவரிடம் கேளுங்கள். காலி வீதிச் சாரிக் கடையில், இந்தச் சிவப்புக்கு எந்தச் சட்டைத் துணி பொருந்தும் என்று ஒரு பார்வையில் எடுத்துத் தருகிறவரிடம் கேளுங்கள். கண் பழகாமல் அவர்களுக்குச் சோறு கிடைக்குமா? ஆனால் நான் சோற்றுக்காக இதை எழுதவில்லை. ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைத் தானே நம்பப் பழகுகிறதா, அல்லது போர்டில் பெரியவர் போட்டதுதான் உண்மை, தன் கண்ணில் தெரிந்தது பிழை என்று நம்பப் பழகுகிறதா என்பதே என் கேள்வி. சித்திர வகுப்பில் இதைப் பழகின பிள்ளை மற்ற வகுப்புகளிலும் அப்படித்தான் இருக்கும். பிறகு "எங்கட பிள்ளைகள் சுயமா யோசிக்குதில்ல" என்று பெற்றோர் கூட்டத்தில் வந்து அழுகிறோம்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

இந்த வருடம் நோன்பு காலத்தில் வெள்ளவத்தைச் சந்தையில் அவளைக் கண்டேன். ஒரு கையில் பேக், மறு கையில் நான்கு வயது மகள். ஸலாம் சொன்னாள், நலம் விசாரித்தாள். நான் சித்திரம் படிக்கப் போவதைச் சொல்லிவிட்டு, "நீங்க இன்னும் கீறுறீங்களா மகள்?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "எனக்கு சித்திரம் வராதே டீச்சர். உங்களுக்குத் தெரியும்தானே."

மனதில் கோபம் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மை என்றே நம்பிச் சொன்னாள். நான் கொடுத்த தீர்ப்பை அவ்வளவு வருடமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். மரக்கறித் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கத்தரிக்காய் குவியலாக இருந்தது, மேலே கடைக்காரர் மின்விளக்கு போட்டிருந்தார். ஒவ்வொரு காயிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் அன்றைக்குக் கடதாசியில் விட்டுவைத்த அதே வெள்ளை. நான் நிரப்பிக் கொடுத்த அதே இடம்.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்னவென்றே விளங்கவில்லை. "என்ன டீச்சர் இதுக்கெல்லாம்" என்றாள். பிறகு மகளின் கையைக் காட்டி, "இவ சுவரெல்லாம் கீறுறா, ஏசிப் பாக்குறேன், கேக்குறா இல்ல" என்றாள். ஏசாதீங்க என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பாங்கு நேரம் நெருங்கியதால் பிரிந்துவிட்டோம்.

இனி நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

சக ஆசிரியர்களே, பிள்ளையின் படத்தில் உங்கள் கையை வைக்காதீர்கள். ஒரு கோடுகூட வேண்டாம். சொல்ல வேண்டுமென்றால் பொருளைக் காட்டிச் சொல்லுங்கள், "இங்க பாருங்க மகன், நிழல் எந்தப் பக்கம் விழுகுது?" என்று கேளுங்கள். போர்டில் பானை கீறுவதை விடுங்கள். பிள்ளைகளிடமே வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமான் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த வருடம் என் வகுப்பில் சொன்னேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்று பூஜைச் செம்பு கொண்டுவந்தது, இன்னொன்று மாதா படத்துக்கு முன் வைக்கிற மெழுகுவர்த்தித் தண்டு, இன்னொன்று உம்மம்மாவின் பித்தளை மூக்குக் கெண்டி. மூன்றையும் ஒரே மேசையில் வைத்தோம். இருபது நிமிடம், பெரிய பிரஷ், அழிறப்பர் இல்லை, அடிமட்டம் இல்லை. ஒரு படம் மாதிரி இன்னொரு படம் இல்லை. சிலது பார்க்கச் சகிக்காது. உண்மையைச் சொல்ல வேண்டும்தானே. ஆனால் மூன்று நான்கு படத்தில் பித்தளை பளபளத்தது.

பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் அதிபர்களே, அதையும் நிறுத்துங்கள். போட்டி நடத்துகிற சங்கங்களே, பள்ளிவாசல், கோவில், தேவாலய நலன்புரிக் குழுக்களே, வீட்டிலிருந்து முடித்துக் கொண்டுவரும் படங்களுக்குப் பரிசு கொடுக்காதீர்கள். அதில் பாதி பெற்றோர் கை, பாதி டியூசன் கை. மண்டபத்தில் பொருளை வையுங்கள். அங்கேயே வரையட்டும். முடியாமல் இருந்தால் முடியாமலே தொங்கவிடுங்கள்.

பெற்றோரே, "டீச்சர், மகன்ட படம் முடியல்ல போலீக்கி, கொஞ்சம் சரிசெஞ்சி குடுங்க" என்று இனி என்னிடம் வராதீர்கள். நான் செய்யமாட்டேன். வருகிற சனிக்கிழமை டிவியை இருபது நிமிடம் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையும் ஒரு தேசிக்காயும் வையுங்கள். தடித்த கடதாசி ஒரு தாள், ஒரு பெரிய பிரஷ். பிள்ளையோடு நீங்களும் வரையுங்கள். உங்களுடையது கட்டாயம் பிள்ளையுடையதைவிட மோசமாக வரும். அது பிள்ளைக்கு நல்லது.

என்னுடைய கத்தரிக்காய் ஒன்றைக் கீழே போட்டிருக்கிறேன். ஒன்றரை வருடப் பழக்கம். இன்னும் கை இறுக்கம்தான், காம்புப் பக்கம் பயந்து இரண்டு தடவை தேய்த்திருக்கிறேன், சேறு தெரியும். ஆனால் கறுப்புக் கோடு இல்லை.

ஏசுகிறவர்கள் கீழே ஏசலாம். பதில் சொல்வேன். ஆனால் அதற்கு முன் குசினிக்குப் போய் ஒரு கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு வாருங்கள்.